நாலு கம்பிக்கு மூணு கொட்டேஷன்

மரக்காணம்
11.9.2005

மரியாதைக்குரிய மாமா பக்தவச்சலம் அவர்களுக்கு,

கிளியனூரில் தாங்களும் தனகோடி அத்தையும் கொல்லையில் மல்லாட்டைப் பயிரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு மருமகன் சிவஞானம் எழுதுவது. இங்கே என் உடல்நிலை: எடை அறுபத்திரண்டு கிலோ, ரத்த அழுத்தம் நூற்றிருபதுக்கு எண்பது, சர்க்கரை இல்லை. ஆகவே நலம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

தங்கள் கார்டு வியாழக்கிழமை கிடைத்தது. "மாப்பிள்ளை கிட்டார் வாங்கப் போறீங்களாமே. எவ்வளவு. ஏன்." என்று எழுதியிருந்தீர்கள். கார்டில் மீதி முக்கால்வாசி இடத்தை வெறுமையாக விட்டிருந்ததிலிருந்து தங்கள் கவலை புரிந்தது. போனிலேயே விளக்கியிருப்பேன். போன தடவை போனில் நான் பதினாறு நிமிஷம் பேசினேன், நீங்களும் பதினாறு நிமிஷம் மழை வருமா வராதா என்று பேசினீர்கள், இரண்டு பேரும் திருப்தியாக வைத்துவிட்டோம். அத்தை பக்கத்தில் நின்று கத்திச் சொன்னால் தங்களுக்குக் கொஞ்சம் கேட்கும்தான், ஆனால் அது கிளியனூருக்கே கேட்கும். அதனால்தான் இந்தக் கடிதம். முதலில் ஒரு திருத்தம்: அது கிட்டார் இல்லை, பேஸ் கிட்டார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் இந்த ஊரில் எனக்கு மூன்று வாரமாகச் சோறு இறங்கவில்லை.

'ஏன்' என்பதை முதலில் சொல்கிறேன். ரேணுகா போய்ப் பதினோரு மாசம் ஆகப்போகிறது. இந்தப் பதினோரு மாசத்தில் எனக்கு அழுகை வரவில்லை என்பது தங்களுக்குத் தெரியும். காரியத்தன்று அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்கும் தெரியும். நான் எலக்ட்ரிகல் டிப்ளமா படித்தவன், உப்பளத்தில் எட்டு மோட்டார் என் பொறுப்பு, ஒன்று ஓடவில்லை என்றால் எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்தவன். என்னையும் அப்படித்தான் பார்த்தேன். கரண்ட் வருகிறது, ஃபியூஸ் சரி, காயில் எரியவில்லை, தட்டினால் சத்தம் கேட்கிறது, சுற்றத்தான் இல்லை. இப்படி ஒரு மோட்டார் வந்தால் ஓரமாக வைத்து மேலே சாக்கைப் போட்டு மூடிவிடுவோம். என்னை மூட ஆள் இல்லாததால் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மார்கழியில் கடல் உள்ளே வந்து பாத்தியெல்லாம் சேறாகிக் கிடந்தபோது கணக்கெடுக்க வந்த ஒருத்தர், வீட்டில் பொம்பளை இல்லை என்றதும் சுனாமி என்று எழுதப் போனார். இல்லைங்க, அவங்க ஐப்பசியில காய்ச்சல்ல போனாங்க என்றேன். "ரெண்டு மாசந்தானே சார் வித்தியாசம்" என்று பேனாவை மூடாமல் நின்றார். ரெண்டு மாசம் ஆறு நாள் என்று திருத்தினேன். அதற்கும் எனக்கு அழுகையோ கோபமோ வரவில்லை.

இப்படி இருக்கையில் ஆவணி முதல் முகூர்த்தத்தில் எங்கள் முதலாளி ராமதாஸ் மகளுக்குத் திண்டிவனத்தில் கல்யாண ரிசப்ஷன். பாட்டுக் கச்சேரி வைத்திருந்தார்கள். ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்தவர்களெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓட, எனக்கு அது ஒன்றும் செய்யவில்லை என்பதால் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது பாட்டில் நெஞ்சுக்குள் என்னவோ அசைந்தது. முதலில் வாயுத்தொல்லை என்று நினைத்து ஒரு சோடா வாங்கிக் குடித்தேன். போகவில்லை. பாட்டு நின்றதும் நின்றது, அடுத்த பாட்டில் மறுபடி வந்தது. மூன்றடி தள்ளிப் போய் நின்று பார்த்தேன், குறைந்தது. ஆறடி தள்ளினேன், இன்னும் குறைந்தது. திரும்பி வந்து பெட்டி மேல் கையை வைத்தேன், முழங்கை வரைக்கும் ஏறியது. ஆக வாயு இல்லை. கச்சேரி முடிகிற வரை கையை எடுக்கவில்லை. கல்யாண வீடியோவில் நான் ஒன்றரை மணி நேரம் பெட்டியைத் தடவிக்கொண்டு நிற்பது வந்திருக்கிறதாம். முதலாளியம்மா அதை வெட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

முடிந்ததும் மேடை ஏறி, எது அந்தச் சத்தம் என்று ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டச் சொன்னேன். கடைசியில் மூலையில் நின்ற, யாருமே பார்க்காத ஓர் ஒல்லி ஆள் ஒரு தடித்த கம்பியை இழுத்துவிட்டார். அதுதான். பேர் மணிகண்டன், பொம்மையார்பாளையத்துக்காரர், பகலில் பெயிண்ட் அடிக்கிறார். இது என்னங்க வேலை செய்யுது என்று கேட்டேன். "பேஸ் கிட்டாருண்ணே. வாசிக்கிறப்ப ஒருத்தனுக்கும் தெரியாது. நிறுத்திப் பாருங்க, என்னமோ கொறையுதேன்னு அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பான்" என்றார். எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இனி 'எவ்வளவு'. எதிர்வீட்டு மெஹரூன்னிசா அக்கா சீட்டு பிடிப்பது தங்களுக்குத் தெரியும். ரேணுகா என்னிடம் சொல்லாமல் மாசம் ஐந்நூறு கட்டி வந்திருக்கிறாள், இருபது மாசம், கடைசிச் சீட்டு தனக்கு வேண்டும் என்று கேட்டு. பத்து மாசம் அவள் கட்டினாள். அதற்கப்புறம் அக்கா அஞ்சாம் தேதியானால் வந்து நின்றார்கள், எதற்கு என்று கேட்காமல் நான் பத்து மாசம் கொடுத்தேன். பால்காரருக்கும் அப்படித்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன், பால் வாங்குவதை நிறுத்திய பிறகும். ஆவணியில் அக்கா பத்தாயிரத்தைக் கையில் வைத்தபோதுதான் விஷயமே தெரிந்தது. எதற்காகக் கட்டினாள் என்று கேட்டேன்.

"எதுக்குன்னு அவ வாயத் தொறக்கலப்பா. பணம் கைக்கு வந்ததும் நானே போய் வாங்கியாந்துடுவேன், அப்புறம் வேணாம்னு சொல்ல முடியாதில்லன்னு சிரிச்சா."

இதை நான் முறையாக ஆராய்ந்தேன். வேணாம் என்று சொல்லக்கூடிய ஆளுக்காக வாங்க நினைத்திருக்கிறாள். எங்கள் வீட்டில் எதற்கும் வேணாம் என்பவன் நான் ஒருத்தன்தான். ஃபிரிட்ஜ் வேணாம் என்றேன், கட்டில் வேணாம் என்றேன். ஆகவே அந்தப் பணம் எனக்கு ஏதோ வாங்கத்தான். என்ன பொருள் என்பதுதான் தெரியவில்லை. பதினோரு மாசத்தில் எனக்கு வேணும் என்று பட்ட பொருள் ஒன்றே ஒன்று. விடை சரியாக வருகிறது.

கல்யாணமான புதுசில் மிக்ஸி வாங்க நான் மூணு கடையில் கொட்டேஷன் வாங்கிக் கட்டம் போட்டு எழுதியதை ரேணுகா தங்களிடம் சொல்லிச் சிரித்திருப்பாள், கேட்டதோ இல்லையோ. இதற்கும் மூணு வாங்கினேன். மணிகண்டனிடம் ஒரு பழைய கிட்டார் இருக்கிறது, ஒரு திருகாணி உடைந்து அங்கே சைக்கிள் போல்ட் வைத்திருக்கிறார், மூவாயிரம். பாண்டிச்சேரிக் கடையில் புதுசு எட்டாயிரத்து ஐந்நூறு, சின்னப் பெட்டி ஆயிரத்து ஐந்நூறு. மெஹரூன்னிசா அக்கா வீட்டுக்காரர் உபைதுல்லா பாய் துபாயிலிருந்து போன் போட்டு இருபத்திரண்டாயிரம் என்றார், கூடவே, "தம்பி, நாலு கம்பி எதுக்கு, இங்க ஆறு கம்பியே பாதி விலைக்குக் கெடைக்குது, நான் அதையே எடுத்தாறேன்" என்றார். இந்த ஒரு பேச்சில் ஆரம்பித்ததுதான் எல்லாம்.

மறுநாள் மத்தியானம் பம்பு செட் நிழலில் சாப்பிட உட்கார்ந்தபோது நான் இதைச் சொல்ல, உப்பு வாருகிற தையல்நாயகி அக்கா அது எத்தனை கிலோ இருக்கும் என்று கேட்டாங்க. நாலு கிலோ என்றேன். இங்கே எல்லாரும் எடை போட்டே வாழ்கிறவங்க, வேறே கணக்கு தெரியாது. பாண்டிச்சேரி விலைக்குக் கிலோ ரெண்டாயிரத்து நூத்தி சொச்சம் என்று வந்ததும் அத்தனை பேரும் சாப்பிடுவதை நிறுத்திட்டாங்க. ஈரத்தோட எடையா, காஞ்ச எடையா என்று ஒருத்தர் கேட்டார். அந்த நேரம் பார்த்து முதலாளி ராமதாஸ் வந்தார். அவர் எடையை ஒத்துக்கலை, கம்பிக் கணக்குதான் சரின்னு தரையில குச்சியால போட்டார். ஆறு கம்பி கிட்டார் மூவாயிரம்னா கம்பி ஐந்நூறு, அப்ப நாலு கம்பி ரெண்டாயிரத்துக்கு மேல ஒரு பைசா போகக்கூடாது, உன்ன ஏமாத்தறான்னு சொல்லி, என் செல்லை வாங்கிப் பாண்டிச்சேரிக் கடைக்காரரையே கூப்பிட்டுட்டார். கடைக்காரர் கம்பி தடியா இருக்கும் சார்னு சொல்லியிருக்கார்.

"தடிமனுக்கா காசு? அப்ப கரண்டு கம்பத்து ஸ்டே கம்பி நம்மகிட்ட முப்பது மீட்டர் கெடக்குது, வந்து எடுத்துக்கிட்டு ஒரு கிட்டார் குடுய்யா" என்றார் முதலாளி. கடைக்காரர் போனை வெச்சுட்டார். அப்புறம் அந்தக் கடையில என் நம்பரைப் பார்த்தாலே எடுக்கறதில்ல மாமா. நேர்ல போயி முதலாளி சார்புல மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன், பஸ் செலவு தனி.

இதுக்கு நடுவுல தையல்நாயகி அக்காதான் சோத்துச் சட்டியைக் கழுவிக்கிட்டே ஒண்ணு கேட்டாங்க. "ஏம்பா, ஒனக்கு எத்தினி கம்பி வேணும்?"

நெசத்தைச் சொன்னேன். அன்னிக்கு நெஞ்சுல அசைஞ்சது அந்தத் தடிக் கம்பி ஒண்ணுதான், வினாடிக்கு நாப்பத்தோரு தடவை அதிருது, மத்த மூணும் எனக்கு அனாவசியம்னேன்.

"அப்ப ஒண்ணு வாங்கு. எதுக்கு நாலு?"

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிக்கிற மாதிரி வாயை வெச்சுக்கிட்டேன்.

இப்படி மூணு வாரம் ஓடிச்சு. உப்புல எப்படின்னா மாமா, தண்ணிய பாத்திக்குப் பாத்தி மாத்தி விட்டுக்கிட்டே இருப்போம், கருவியைப் போட்டுப் பார்த்தா உப்பு அடர்த்தி இருபத்தஞ்சு டிகிரி காட்டணும், அதுக்கு முன்னாடி உப்பு உக்காராது, ரொம்ப நாள் விட்டுட்டா கசந்துடும். நானும் அந்தப் பத்தாயிரத்தை மூவாயிரத்துலேர்ந்து எட்டாயிரத்தைந்நூறுக்கும், அங்கேர்ந்து திரும்ப மூவாயிரத்துக்கும் மாத்தி மாத்தி விட்டுப் பார்த்தேன். மூவாயிரத்துக்கு வாங்கினா ஏழாயிரம் மிச்சம். முதலாளி, உபைதுல்லா பாய், அத்தனை பேரும் அதைத்தான் சொல்றாங்க, பேங்க்ல போடு, வட்டி வரும்னு. அவங்களுக்குப் புரியல. மிச்சம் நின்னா, அதை என்ன பண்ணணும்னு அவ நினைச்சிருப்பான்னு நான் முதல்லேர்ந்து யோசிக்கணும். ஒரு ரூபா மிஞ்சினாலும் யோசிக்கணும். என்னால இன்னொரு தடவை முடியாது மாமா. அதனால முடிவு பண்ணிட்டேன்: எட்டாயிரத்தைந்நூறும் ஆயிரத்தைந்நூறும் பத்தாயிரம், சரியாப் போயிடும், கையில ஒண்ணும் நிக்காது. வர்ற வெள்ளிக்கிழமை போயி வாங்கிடறேன். இதுக்கு மேல இதுல விலை பேச ஒண்ணுமில்லை.

உங்க மகளோட பணம், அதனால உங்களுக்குச் சொல்லாம செய்யக்கூடாதுன்னுதான் இவ்வளவு நீளமா எழுதினேன். கோபம் இருந்தா இன்னொரு கார்டு போடுங்க, இந்தத் தடவை முழுசா எழுதுங்க.

தனகோடி அத்தை காலைத் தொட்டுக் கும்பிட்டதாகச் சொல்லவும். கறவை மாட்டுக்குக் காணை நோய் விட்டுதா என்று தெரிவிக்கவும். தங்கள் ஆசி என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
பணிவுள்ள மருமகன்
சிவஞானம்

பி.கு.: மாமா, மேல எழுதினதையெல்லாம் அடிச்சுடுங்க. தபால்ல போட கவர் தேடினப்ப மெஹரூன்னிசா அக்கா சீட்டு நோட்டு கையில வந்துது. அட்டைக்குள்ள மடிச்சு ஒரு பேப்பர் இருந்துது. ரேணுகா கையெழுத்து. நான் ஆபீஸ்ல போடற மாதிரியே ஸ்கேல் வெச்சு கட்டம் போட்டிருக்கா. மூணு கடை, மூணு விலை. பாண்டிச்சேரில ரெண்டு, திண்டிவனத்துல ஒண்ணு. காதுல மாட்டற மிஷினு. ஒம்பதாயிரத்து அறுநூறுக்கு நேரா டிக் அடிச்சிருக்கா. கீழ எழுதியிருக்கா: "அப்பா வேணாம்பாரு. கேட்டுக்கிட்டு நிக்கக் கூடாது. போயி மாட்டி வுட்டுடணும்."

வேணாம்னு சொல்ற ஆளு நான் மட்டும் இல்லன்னு எனக்குத் தோணவே இல்ல மாமா.

அந்தப் பேப்பரைப் பார்த்தப்ப நெஞ்சுல அது வந்துடுச்சு. பெட்டி கிடையாது, கம்பி கிடையாது, தெருவுல கரண்டும் இல்ல. மூணடி தள்ளிப் போயி நின்னேன். கொறையல. கொல்லைப்பக்கம் போனேன். கொறையல. கெணத்தடி வரைக்கும் போயிப் பார்த்தேன். கொல்லைக்கு அந்தாண்ட குடியிருக்கற தையல்நாயகி அக்கா சத்தம் கேட்டு ஓடியாந்து, பக்கத்துல உக்காந்து, முதுகைத் தட்டிக்கிட்டே இருந்தாங்க. எவ்வளவு நேரம்னு பார்க்கல.

இன்னிக்கே அவ டிக் அடிச்ச கடைக்குப் போன் பண்ணி விசாரிச்சேன், அதே விலைதானாம். பத்தாயிரத்துல ஒம்பதாயிரத்து அறுநூறு போக நானூறு நிக்குது. மணிகண்டனைக் கேட்டேன். நானூறு ரூபாக்குப் பழைய கிட்டாரைத் தர்றேன், ஆனா ஒரே ஒரு கம்பி போட்டுத்தான் தருவேன், மீதிக் கம்பியை மாசம் ஒண்ணா காசு குடுத்து வாங்கிக்குங்கன்னான். எந்தக் கம்பின்னு கேட்டான். சொன்னேன். சிரிச்சுட்டு சரின்னுட்டான். ஆகக் கூடி உங்க கார்டுக்குப் பதில்: நானூறு.

வர்ற ஞாயித்துக்கிழமை மைக் செட்டுக்காரர் ஒருத்தர்கிட்ட ஸ்பீக்கர் பெட்டியை இரவல் வாங்கித் தூக்கிக்கிட்டு, மிஷினு, கிட்டார் ரெண்டையும் எடுத்துக்கிட்டு வர்றேன். உங்க காதுல மொதல்ல மிஷினை மாட்டிடுவேன். அப்புறம் நான் ஒரு தடவை இழுத்து வுடறேன், கேக்குதா இல்லையான்னு நீங்க சொல்லுங்க. கேக்கலன்னா பெட்டி மேல கைய வைங்க. கிளியனூர்ல ஞாயித்துக்கிழமை கரண்ட் எத்தினி மணிக்குப் போவும்னு மட்டும் ஒரு கார்டு போடவும்.