அத்தை ஏறினால் நின்றுவிடும் கார்

தான் பார்த்த வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கோளாறு தேடுகிறவனுக்குத்தான் கார் எலக்ட்ரீஷியன் என்று பெயர். 1950களின் நடுவில் இலங்கையின் பதுளைக் கடைவீதியில் ஒரு கராஜில் நான் அப்படித்தான் இருந்தேன். எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

கராஜ் முதலாளிக்கு (துணிக்கடையும் அவருடையதுதான்) தம் காரை யாராவது கிளப்பிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஓயாத பயம். அவருக்காக ஒரு ரகசிய சுவிட்ச் பொருத்தினேன். அதைத் தட்டிவிட்டால் கரண்ட் எஞ்சினுக்குப் போகாமல் காரின் பாடியில் இறங்கிவிடும். திருடன் எத்தனை முயன்றாலும் கார் கிளம்பாது. அதை வைத்த இடத்தில்தான் என் மூளை இருந்தது. பின்சீட் மெத்தைக்கு அடியில்! முதலாளி எப்போதும் தனியாகப் போகிறவர். பின்சீட்டில் யாரும் உட்கார்ந்ததே இல்லை. மனம் குளிர்ந்து, நான் பெண் பார்க்கப் போக அந்தக் காரையே இரவல் கொடுத்தார்.

பெண், தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகள். கோயில் திருவிழாவில் அவளைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அம்மா இல்லாத எங்கள் வீட்டில் அத்தை சொல்வதுதான் முடிவு. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆகவே அத்தையை ராஜமரியாதையோடு பின்சீட்டில் அமர்த்தினேன். அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஏற்றம் தொடங்கியது. அத்தை நன்றாகச் சாய்ந்துகொண்டார். எஞ்சின் நின்றது.

இறங்கி பானட்டைத் திறந்து, கழற்றக்கூடியதை எல்லாம் கழற்றித் துடைத்து மாட்டினேன். கார் கிளம்பவில்லை. பாரம் குறையட்டும் என்று அத்தையை இறங்கச் சொன்னேன். உடனே கிளம்பியது. அத்தை ஏறினார், நின்றது. இறங்கினார், கிளம்பியது. இன்னொரு தடவையும் அப்படியே. விஞ்ஞானப்படி இதற்கு ஒரே முடிவுதான். அதை நான் மனசோடு வைத்திருக்கலாம்.

"அத்த, கார்ல கோளாறு இல்ல. நீங்கதான் கொஞ்சம் பாரம்."

"வெலிமடையிலருந்து லொறி லொறியா காய்கறி ஏத்திக்கிட்டுப் போறானுங்க. ஒனக்கு நான் ஒருத்தி பாரமாடா?"

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அத்தை நடந்தே ஏறினார். நாங்கள் பின்னால் ஊர்ந்தோம். கார் பிரமாதமாக ஓடியது.

"பாத்தீங்களாப்பா, நான் சொன்னது சரிதானே?" என்றேன்.

வாசலில் நின்ற கணக்கப்பிள்ளை பதறிவிட்டார். "என்னம்மா, கார் பின்னால வருது, நீங்க நடந்து வாறீங்க?"

"நான் ஏறுனா ஓடாதுங்க. மாப்புள கண்டுபிடிச்சிருக்காரு. இன்னைக்கு என்னையப் பாரம்னு சொல்றவன் நாளைக்கு ஒங்க புள்ளையையும் சொல்லுவான். இந்தச் சம்பந்தம் வேணாங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கணக்கப்பிள்ளை நல்ல மனிதர். குச்சி மாதிரி ஒல்லி. "எங்க, நான் ஏறிப் பாக்கிறேன்" என்று பின்சீட்டில் போய் உட்கார்ந்தார்.

"நல்லா சாஞ்சு உக்காருங்க" என்றார் அத்தை.

சாய்ந்தார். எஞ்சின் நின்றது.

அத்தை அவரை இறக்கிவிட்டு மெத்தையைத் தூக்கினார். யார் சாய்ந்தாலும் மெத்தையின் கம்பிச்சுருள் அழுந்தி சுவிட்சின் ஆணியில் பட்டு, கரண்ட் பாடியில் இறங்கியிருக்கிறது. அந்த இடம் கருகிக் கிடந்தது.

"இது யாருடா வச்சது?"

"நான்தான், அத்த."

"எதுக்கு?"

"கார் ஓடாம இருக்கிறதுக்கு."

வீட்டு ஜன்னலுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அடக்கிப் பார்த்து முடியாமல் போன சிரிப்பு. அத்தை அந்தப் பக்கம் திரும்பினார். கொஞ்ச நேரத்தில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"இந்தப் புள்ளையே இருக்கட்டும்ங்க. இவனுக்கு இவதான் சரி."

கல்யாணத்தன்று தாலி கட்டி முடித்த கையோடு பெட்ரோமாக்ஸ் விளக்கு அணைந்துபோனது. அந்த இருட்டில்தான் என் மனைவி முதன்முதலாக என்னோடு பேசினாள். "ஒங்க அத்தைய எந்திரிக்கச் சொல்லுங்க" என்றாள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் ரேடியோ நின்றாலும், கரண்ட் போனாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. அத்தை உயிரோடு இருந்தவரை சளைக்காமல் எழுந்து நின்று, "இப்ப பாரு" என்பார். ஒன்றிரண்டு தடவை கரண்ட் வந்தும் இருக்கிறது.