மாப்பிள்ளையின் லாரியை நடுவீட்டில் பிரித்த விபரம்

மண்டபத்தில் கால் கட்டோடு படுத்திருக்கும் மாப்பிள்ளை யோகேஸ்வரன் அவர்களுக்கு, கமுதியிலிருந்து மாமா நாகநாதன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும், உங்கள் அத்தை இருளம்மாளும், கலைச்செல்வியும், அவள் வயிற்றிலிருக்கும் ஏழு மாதப் பிள்ளையும், உங்கள் லாரியும் சௌக்கியம். லாரி சௌக்கியம் என்ற இடத்தை மட்டும் இன்னொரு முறை வாசித்துவிட்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு மேலே வாசிக்கவும். போனில் சொல்ல வேண்டியதைக் கடிதத்தில் எதற்கு எழுதுகிறீர்கள் என்று கலை கேட்டாள். போன் என்றால் மாப்பிள்ளை பாதியில் வைத்துவிடுவார், இந்தக் கதையைப் பாதி மட்டும் கேட்ட எந்த மருமகனும் மாமனாரை மன்னிக்க மாட்டான் என்றேன். உங்கள் அம்மாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும். அவர்கள் பக்கத்தில் இருந்தால் சத்தமாக வாசிக்க வேண்டாம்.

நீங்கள் தார்ப்பாய் கட்டும்போது லோடு மேலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டு, அம்மா வீட்டுக்குப் போகக் காரில் ஏறும்போதுகூட என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "வாரம் ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி மட்டும் விடுங்க மாமா, வேற ஒண்ணும் வேணாம்" என்றீர்கள். நானும் அதன்படி வெள்ளிக்கிழமை தவறாமல் குளித்துவிட்டு ஸ்டார்ட் பண்ணினேன். வீட்டு மாப்பிள்ளையின் வண்டி வெறும் வயிற்றோடு ஓடக் கூடாதே என்று கையோடு கொஞ்சம் எஞ்சின் ஆயிலும் விட்டு வந்தேன். நன்றாகத்தான் ஓடியது. திடீரென்று ஒரு வெள்ளிக்கிழமை பின்னாலிருந்து நீல நிறத்தில் புகை கிளம்பித் தெரு முழுக்க மறைத்துவிட்டது. எதிர்வீட்டுக் கூத்தையா இருமிக்கொண்டே வந்து, "பிஸ்டன் ரிங்கு போச்சுண்ணே, எஞ்சின் அம்புட்டுத்தான்" என்றார். அவர் ஒரு காலத்தில் டிராக்டர் வைத்திருந்தவர் என்பதால் நான் நம்பி, அதே சூட்டில் உங்களுக்குப் போன் பண்ணி அதே வார்த்தையைச் சொல்லிவிட்டேன். நீங்கள் "சரி மாமா, பழைய இரும்பு வெலைக்கு வித்துருவோம். காலு சரியானதும் நான் கத்தாருக்கு டிரைவரா போறேன்" என்றீர்கள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் கலை நின்றுகொண்டிருந்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் உங்கள் அத்தை சமாளித்திருப்பாள். கலை போய்க் குழந்தைக்குத் தைத்து வைத்திருந்த சட்டைகளை எடுத்து, மடித்ததையே மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை மாப்பிள்ளை. பிள்ளை பிறக்கிற நேரத்தில் அப்பன்காரன் பாலைவனத்தில் யாருடைய வண்டியையோ ஓட்டிக்கொண்டிருக்க வேண்டுமா? எஞ்சினைச் சரிபண்ணிவிட்டால் நீங்கள் போக மாட்டீர்கள் என்று தோன்றியது. அவ்வளவுதான் என் யோசனை. எஞ்சினைப் பற்றி எனக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

உங்கள் கூட்டாளி மெக்கானிக் சதக்கைக் கூப்பிட்டேன். அபிராமத்திலிருந்து அவன் பைக்கில் வந்து சேர்ந்தான். நல்ல பையன்தான், ஆனால் எதைக் கேட்டாலும் "ஒண்ணும் ஆகாது மாமா" என்கிறான், அதைக் கேட்டால்தான் எனக்குப் பயமே வருகிறது. முதலில் பழைய ஆயிலை இறக்கினோம். ஒரு பக்கெட் வைத்தேன், நிறைந்துவிட்டது. அத்தையின் அண்டாவை வைத்தேன், அதுவும் நிறைந்துவிட்டது. லாரி என்றால் லாரிதான் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் கிணற்றுக் கப்பியை வேப்பமரக் கிளையில் கட்டி எஞ்சின் ஹெட்டைத் தூக்கி இறக்கினோம். ஆறு பிஸ்டனையும் தட்டி எடுத்தோம். சதக் ஒரு ரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது இன்னும் ஓடும் போலயே மாமா" என்றான். "நீ பேசாம கழட்டு" என்று அவனை அடக்கிவிட்டேன். வெளியே வைத்தால் புழுதி அடிக்கும் என்று எல்லாச் சாமானையும் நடுவீட்டுக்குக் கொண்டுபோனோம்.

எந்த சிலிண்டரில் கழற்றியது அந்த சிலிண்டருக்கே திரும்பப் போக வேண்டும், மாறக் கூடாது என்றான் சதக். மாப்பிள்ளை, இந்த ஒரு வேலையை என்னிடமா சொல்ல வேண்டும்? முப்பது வருஷம் தபால் ஆபீசில் ஊர் ஊராகக் கடிதம் பிரித்துப் போட்டவன் நான். நடுவீட்டில் சாக்பீஸால் கட்டம் போட்டு, முதல் சிலிண்டருக்கு உங்கள் ஊர் என்ற மரியாதைக்கு மண்டபம் என்று பெயர் வைத்தேன். அடுத்து உச்சிப்புளி, ராமநாதபுரம், முதுகுளத்தூர், கமுதி, கடைசியில் சதக்குக்காக அபிராமம். அந்தந்த ஊர்க் கட்டத்தில் அந்தந்த ஊர் பிஸ்டன், அந்தந்த ஊர் வால்வு. வீட்டில் யாரும் முதுகுளத்தூரை மிதிக்காமல் அடுப்படிக்குப் போக முடியாது, அது ஒன்றுதான் குறை.

அப்படியே இருந்திருக்கும், நடுவில் ஆயுத பூஜை வந்துவிட்டது. நான் புது ரிங் வாங்கவும் பொரி, கடலை வாங்கவும் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் வாசலிலேயே சாம்பிராணி மணக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் ஊர் ஒன்றையும் காணோம். தரை கழுவி, அங்கே பெரிய தாமரைக் கோலம். சாமானெல்லாம் சோப்பு போட்டுக் குளித்து, பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, உயரம் பார்த்து வரிசையாக நிற்கின்றன. வால்வு பன்னிரண்டும் தாம்பாளத்தில் பூ மாதிரி வட்டமாக, நடுவில் ஒரு எலுமிச்சம்பழம். பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் எது மண்டபம் எது அபிராமம் என்று பிரம்மாவே வந்தாலும் சொல்ல முடியாது.

"யார் இருளம்மா இதத் தொட்டது?" என்று கத்தினேன்.

"கத்தாதீக. ஊரே சைக்கிளு, தையல் மிஷினுன்னு கழுவிப் பொட்டு வைக்குது. மாப்பிள வண்டிச் சாமான் மட்டும் கிரீஸோட கெடக்கணுமாக்கும்?"

"அதுல ஊர் பேரு எழுதியிருந்தேன்டி!"

"நீங்க எழுதுனா அந்த இரும்புக்கு வாசிக்கத் தெரியுமா?"

கலை சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நீங்கள் கத்தார் என்று சொன்ன நாளிலிருந்து அந்தப் பிள்ளை சிரித்து நான் பார்க்கவில்லை. அதனால் என் கோபத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பொரியைத் தின்றுகொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

சதக் வந்து பார்த்துவிட்டு, வழக்கம்போல ஒன்றும் ஆகாது என்றான். பிஸ்டன் ராடுகளில் ஏற்கெனவே நம்பர் குத்தியிருந்தது, கலை குங்குமத்தைத் துடைத்துத் துடைத்து வாசித்துச் சொன்னாள். வால்வுகளைத்தான் ஒவ்வொன்றாகப் பசை தடவி, கட்டையால் உருட்டி, அதனதன் குழியில் புதிதாக அரைத்து உட்கார வைக்க வேண்டியதாயிற்று. இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் கட்டையை வைத்து உருட்டுகிற வேலை. எனக்கு நாலு உருட்டிலேயே தோள் போய்விட்டது. உங்கள் அத்தை தள்ளுங்க என்று சொல்லி உட்கார்ந்து, மோர் கடைகிற மாதிரி பன்னிரண்டையும் கடைந்து முடித்துவிட்டாள். கலைத்தவளே சரியும் பண்ணிவிட்டதால் இனிமேல் அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள்.

விஜயதசமி காலையில் எல்லாவற்றையும் பூட்டி முடித்தோம். அந்த நேரம் பார்த்து, நீங்கள் சொல்லிவிட்டிருந்த கீழக்கரை ஹமீது சுல்தான், வண்டியை வாங்கி உடைக்கிறதற்கு வந்து நின்றுவிட்டார். சதக் சாவியைத் திருப்பினான். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி சுற்றியது, பிடிக்கவில்லை. ஹமீது சுல்தான் டயரைச் சுற்றி வந்து இரும்பு எடை கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். டீசல் லைனில் காத்து நின்னுருச்சு மாமா என்று சதக் எதையோ தளர்த்திப் பம்ப் அடித்தான். உங்கள் அத்தை கற்பூரத் தட்டோடு அசையாமல் நின்றாள். கலை ஜன்னல் கம்பியைப் பிடித்த பிடியை நான் பார்த்தேன், அதற்கப்புறம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பிடித்துக்கொண்டது மாப்பிள்ளை! முதலில் வெள்ளையாகப் புகை, அதில் லேசாகச் சந்தன வாசம்கூட அடித்தது என்று அத்தை சத்தியம் பண்ணுகிறாள். கொஞ்ச நேரத்தில் புகையே இல்லை. வண்டி எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு தெருமுனை வரை போய் வந்தது. ஹமீது சுல்தான் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இத எதுக்குங்க ஒடைக்கணும்? மருமகன வந்து ஓட்டச் சொல்லுங்க" என்று டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். நான் அப்படியே வாசலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் அவ்வளவு நிம்மதி.

ஆகையால் மாப்பிள்ளை, கத்தார் வேண்டாம். மழைக்கு முன்னால் கரி லோடு ஏற்ற ஆள்கள் இப்போதே வந்து கேட்கிறார்கள். கட்டுப் பிரித்ததும் வாருங்கள். பிள்ளை பிறக்கும்போது இங்கன இருங்கள். கலை சொல்ல மாட்டாள், அதனால் நான் சொல்கிறேன்.

உங்கள் கால் சீக்கிரம் ஊன்றவும், வண்டிச் சக்கரம் எங்கும் நிற்காமல் உருளவும் முனியப்பசாமியை வேண்டிக்கொள்ளும்,
உங்கள் மாமா,
நாகநாதன்.

பி.கு: கவரை ஒட்டப் போகும்போது சதக் வந்தான். "மாமா, புது ஆயில் ஒரு பக்கெட் அளவுதான் புடிச்சுச்சு. அன்னைக்கு எறக்குனப்ப அண்டாவும் சேந்து எப்பிடி நெறஞ்சுச்சு?" என்றான். வெள்ளிக்கிழமை தோறும் கொஞ்சம் விட்டேனே என்றேன். உடனே அடுப்படியிலிருந்து உங்கள் அத்தை, "செவ்வாக்கெழம செவ்வாக்கெழம நான் ஊத்துவேன்ல, மாப்பிள வண்டி காஞ்சு கெடக்கக் கூடாதுன்னு" என்றாள். சதக் தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டான். ஆயில் கூடிப்போனாலும் நீலப் புகைதான் வருமாம். எஞ்சினுக்கு ஒன்றுமே இல்லையாம். கூடுதல் ஆயிலை இறக்கிவிட்டிருந்தால் அன்றைக்கே சரியாகியிருக்குமாம். உங்களைக் கத்தார் வரைக்கும் அனுப்பப் பார்த்தது நாங்கள் இரண்டு பேரும்தான்.

வண்டி பாவம், வாயில்லாதது, போதும் என்பதைப் புகையாகத்தான் சொல்லியிருக்கிறது. நீங்கள் இங்கே வந்து சாப்பிட உட்காரும்போது, போதும் என்றால் இலையைக் கையால் மறித்துக்கொண்டு சத்தமாகச் சொல்லிவிடுங்கள்.