முப்பதும் முழுசா இருக்கணும்

ஹெட் கிளார்க் சமையலறைக் குப்பைக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, காய்த்தோலுக்கு நடுவே தன் பிரஷர் மாத்திரையின் காலி அட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஜனன மரணப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் நாற்காலி தேய்த்தவர் இப்படித் தரையில் தவழ்வதைப் பார்க்க மனைவிக்கே பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.

"பெட்டில இடத்தை அடைக்குதேன்னு மாத்திரை எல்லாத்தையும் பிரிச்சு ஒரு டப்பால கொட்டினேன். அது ஒரு குத்தமா?" என்றாள்.

"குத்தமான்னா கேக்கறே? எதிர்வீட்டு டிராவல் ஏஜென்ட் என்ன சொன்னார்? மாத்திரை அட்டையோட இருக்கணும், டாக்டர் சீட்டும் கடிதமும் இருக்கணும், எல்லாம் கைப்பைல இருக்கணும். இல்லேன்னா ஏர்போர்ட்லயே உக்கார வச்சிடுவாங்களாம்!"

வியாழக்கிழமை விமானம். கடல் தாண்டி இருக்கும் மகளுக்கு நிறைமாதம். மருமகனுக்குக் கப்பல் வேலை, கரைக்கு வர இன்னும் ஒரு மாதம் ஆகும். "அப்பா, நீங்க பக்கத்துல இருந்தாத்தான் எனக்குத் தைரியம்" என்று தினமும் போன். அம்மா என்று ஒருத்தி இருப்பது மகளுக்கு ஏன் ஞாபகம் வருவதில்லை என்று மனைவிக்கு ஒரு மனத்தாங்கல். அதை இப்போது கிளறினால் விமானத்தைத் தவற விட்டுவிடுவோம்.

பொறுக்கிய அட்டைகளைக் கழுவித் துடைத்து, குழிக்கு ஒரு மாத்திரையாக வைத்து, பின்பக்கம் செலோ டேப் ஒட்டினார் ஹெட் கிளார்க். ஒரு பகல் முழுக்க அதிலேயே போயிற்று.

டிராவல் ஏஜென்ட் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சார், டப்பால இருந்தப்பவாவது அசட்டுத்தனம் மாதிரி இருந்துச்சு. இப்ப கடத்தல் மாதிரி இருக்கு."

அடுத்த பத்தாவது நிமிடம் அத்தனையும் குப்பை வண்டி ஏறிவிட்டது.

மருந்துக்கடைக்காரர் புதுச் சீட்டு கேட்டார். ஹெட் கிளார்க் டாக்டரிடம் ஓடினார். 'முப்பது நாளுக்கு முப்பது மாத்திரை' என்று சீட்டும் கடிதமும் கிடைத்தன. வீட்டுக்கு வந்து பார்த்தால், பாஸ்போர்ட்டில் இருக்கும் இனிஷியல் கடிதத்தில் இல்லை. மறுபடி ஓடினார். இனிஷியல் வந்தது, முத்திரை கலங்கிப்போயிருந்தது. மறுபடியும்.

"இவ்வளவு நுணுக்கமா யாரும் பார்க்க மாட்டாங்க சார்" என்றார் டாக்டர் அலுத்துப்போய்.

"நான் பார்ப்பேனே!"

பொய்யில்லை. ஒரே ஒரு இனிஷியலுக்காக, செத்தவரின் பிள்ளையை ஏழு மாதம் அலைய விட்ட கை அது.

ஒரு வழியாக முப்பது மாத்திரையும் அட்டையோடு வாங்கியாயிற்று. திங்கட்கிழமை சாப்பாடு முடிந்ததும் மனைவி தண்ணீர் டம்ளரை நீட்டினாள். "மாத்திரை போட்டீங்களா?"

"எதைப் போடறது? கடிதத்துல முப்பதுன்னு இருக்கு. ஒண்ணைப் பிச்சா இருபத்தொன்பது. மிச்சம் ஒண்ணு எங்கேன்னு கேட்டா?"

"வயித்துலன்னு சொல்லுங்க."

"ஆதாரம்?"

"ஏங்க, தனியா நாலு வாங்கிக்கக் கூடாதா?"

"சீட்டு இல்லாம தரமாட்டான். இன்னொரு தடவை டாக்டர்கிட்ட போய் நின்னா அவருக்குத்தான் பிரஷர் வரும். மூணு நாள்தானே, போய் இறங்கினதும் போட்டுக்கறேன்."

மூன்று பெட்டியைக் கட்டி அவிழ்த்து, எடை பார்த்து, திரும்பக் கட்டியதில் மனைவிக்கு வாதாடத் தெம்பில்லை. "எப்படியோ போங்க" என்று தண்ணீரைத் தானே குடித்தாள்.

வியாழக்கிழமை. விமான நிலையச் சோதனை மேசையில் ஹெட் கிளார்க் நாடா கட்டிய ஃபைலை அவிழ்த்தார். சீட்டு, கடிதம், கடைக்காரரின் ரசீது, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நகல், முகப்பில் பொருளடக்கம்.

அதிகாரி புரட்டிப் பார்த்து அசந்துபோனார். "எல்லாம் பிரமாதமா இருக்கு சார். கிளம்புங்க."

"மாத்திரையை எண்ணலையே?"

"அதெல்லாம் வேணாம் சார்."

"இல்லல்ல, எண்ணுங்க."

"யோவ் பெரியவரே, எங்களுக்கும் பிளேனு இருக்குய்யா!" வரிசையில் பின்னாலிருந்து ஒரு குரல்.

"நீங்க எண்ணுங்க சார்."

அதிகாரி எண்ணித் தொலைத்தார். முப்பது.

"பார்த்தியா?" என்று ஹெட் கிளார்க் வெற்றியோடு மனைவி பக்கம் திரும்பினார். மனைவி இரண்டாகத் தெரிந்தாள். பிறகு கூரை விளக்குகள் தெரிந்தன.

கண் விழித்தபோது முதலுதவி அறைக் கட்டிலில் படுத்திருந்தார். கையில் பிரஷர் பார்க்கும் பட்டை. நர்ஸ் ஒரு தடவை பார்த்தாள். நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தாள். டாக்டருக்குப் போன் போட்டாள்.

"பேப்பர்ல ஏதாவது குறையாம்மா?" என்றார் ஹெட் கிளார்க் பதறி எழுந்து. "முத்திரை எல்லாம் தெளிவா இருக்கே!"

நர்ஸ் அவரை மெல்லத் திரும்பப் படுக்க வைத்தாள்.

"பேப்பர்ல ஒரு குறையும் இல்ல சார். மாத்திரை போகலாம், அம்மாவும் போகலாம். நீங்கதான் போக முடியாது."