காளான்னா எந்தக் காளான்?

எடப்பாடியில் இருக்கும் மதிப்புக்குரிய மச்சான் ராசு அவர்களுக்கு, உங்கள் தங்கை புருசன் மருதாசலம் கும்பிட்டு எழுதுவது. இங்கு நான், எருமை, கன்று மூவரும் நலம். அங்கு உங்கள் நலத்தோடு, திங்கட்கிழமை முதல் உங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கும் சௌந்திரத்தின் நலத்தையும் அறிய ஆவல். அவளை எப்படியாவது சமாதானம் பண்ணி பஸ் ஏற்றி விடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் ஆகாதா என்பீர்கள். போன் அவளிடம் இருக்கிறது. "இந்தப் போனு இருக்கற ஊட்டுல இனி நான் இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் போனையே எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அப்படிப் பார்த்தால் உங்கள் வீட்டிலும் அவள் இருக்கக்கூடாது. இதை நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள்.

எல்லாம் என் மகள் சுகன்யாவால் வந்தது. போன தடவை குமாரபாளையத்து மாமியார் வீட்டிலிருந்து வந்தவள், "சும்மாதானே கரட்டுப்பக்கம் சுத்தறீங்கப்பா, இதுல போட்டோ புடிச்சா எந்தச் செடி, எந்தக் காளானுன்னு அதுவே சொல்லும்" என்று போனில் ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு தண்ணி வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருசம் 'புல்லு பூண்டு' என்று சொல்லி மிதித்துக்கொண்டு போனதெல்லாம் பேரும் குடும்பமும் உள்ள பெரிய மனுசங்க என்று தெரிந்தால் ஒரு மரியாதை வருமா வராதா? போனும் சில சமயம் தடுமாறும், இல்லை என்று சொல்லவில்லை. பக்கத்துக் காட்டில் சென்னியம்மாள் பச்சைச் சேலை கட்டிக் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்ததைத் தெரியாமல் பிடித்துவிட்டேன். 'ஆமணக்கு' என்று காட்டியது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அதை அவளிடமே காட்டினேன். அது வேறு கதை, விடுங்கள்.

காளான் விசயம் அப்படி லேசுப்பட்டது இல்லை மச்சான். மேலேயிருந்து பிடித்தால் 'சாப்பிடலாம்' என்கிறது. அதே காளானை மல்லாத்திப் பிடித்தால் 'சாப்பிட்டால் ஈரல் போய்விடும்' என்கிறது. அதனால்தான் நான் ஒன்றைக்கூட வாயில் வைத்ததில்லை. பேர் தெரிந்தால் போதும் எனக்கு. புத்துக் காளானா நாய்க்குடையா என்று காம்பைப் பார்த்து, மடிப்பைப் பார்த்து, மோந்து பார்த்து வைப்பதோடு சரி. ஐப்பசி மழை விட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் ஒரு முறம் நிறையப் பொறுக்கி வந்து வாசலில் வைத்திருந்தேன். சௌந்திரம் பார்த்துவிட்டு, "இன்னைக்குச் சம்பந்தி வாராரு, இந்தக் கருமத்த எங்காச்சும் கண்காணாம கொட்டுங்க" என்றாள். கொட்ட மனசு வரவில்லை. அவள் அடுப்படிக்குள் போனதும் முறத்தைத் தூக்கிக்கொண்டு மாட்டுக் கொட்டாய்ப் பக்கம் வெளிச்சத்துக்குப் போய்விட்டேன். நான் செய்த தப்பு இவ்வளவுதான். இனி நடந்ததெல்லாம் தமிழ் செய்த தப்பு.

நம் சம்பந்தி காளியப்பன், பேத்தி காதுகுத்துக்கு முறையாகக் கூப்பிட, மஞ்சள் தடவிய பத்திரிகையோடு பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார். சௌந்திரம் இலை போட்டிருக்கிறாள். அவரோ, "வேண்டாம் அம்மணி, காளான் தின்னுபோட்டேன். வயிறு கல்லாட்டம் இருக்குது" என்று வயிற்றைத் தடவியிருக்கிறார். சௌந்திரம் வாசலைப் பார்த்தாள். முறத்தைக் காணோம்.

அவள் போட்ட சத்தத்தில் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டது. நான் அதைப் பிடித்துக் கட்டிவிட்டு வருவதற்குள், ஆமணக்குச் சண்டையை மறந்து ஓடி வந்த சென்னியம்மாள் சம்பந்தியின் தலையைப் பிடித்துக்கொள்ள, சௌந்திரம் சொம்பு சொம்பாக உப்புத்தண்ணியை ஊற்றிக்கொண்டிருந்தாள். "ஏனுங்க அம்மணி, எதுக்குங்க?" என்று அவர் கேட்கக் கேட்க, "பேசாதீங்கண்ணா, பேசுனா வெசம் ஏறும்" என்று இன்னொரு சொம்பு. நான் போய் நின்றதும், "உங்க காளானத் தின்னுபோட்டாருங்க!" என்றாள். முறம் என்னோடு கொட்டாயில்தான் இருந்தது, ஆனால் அதற்கு முன்னால் வாசலில் கிடந்ததே! முறத்தில் எத்தனை வைத்தேன் என்று நான் எண்ணவா செய்தேன்? எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டு அவருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. "அது அத்தன மோசமான காளானுங்களா?" என்றார். பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது என்றேன். அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

அந்நேரத்துக்கு ஊரில் இருந்த ஒரே வண்டி சென்னியம்மாள் மகனின் போர்வெல் போடும் ரிக் லாரிதான். மத்தியப் பிரதேசத்தில் போர் போட்டுவிட்டு முந்தின நாள்தான் வந்து நின்றிருந்தது. சம்பந்தியைக் கேபினில் ஏற்றித் திருச்செங்கோட்டுக்குக் கிளம்பினோம். ரிக் லாரி மெதுவாகத்தான் போகும் என்று உங்களுக்குத் தெரியும். வழியெல்லாம், "எங்கீங்க போர்? தண்ணி எத்தன அடியில?" என்று விசாரணை. ஒருத்தர் தன் காட்டுக்கும் வந்து ஒரு குழி போட்டுக் கொடுக்கச் சொல்லி வண்டியையே மறித்துவிட்டார். சம்பந்தி உள்ளே இருந்து, "எனக்கு என்ன ஆனாலும் பேத்தி காதுகுத்த நிறுத்திப்போடாதீங்க" என்று கண் கலங்குகிறார். அவர் சட்டைப்பையில் இருந்த பத்திரிகை உப்புத்தண்ணியில் நனைந்து ஊறிப்போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டரம்மா. "என்ன காளானுங்க?" என்றார். நான் முன்னால் போய், குடை விரிந்ததா விரியாததா, காம்பில் வளையம் உண்டா என்று விளக்க ஆரம்பித்தேன். "ஐயா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. சாப்பிட்டவர் சொல்லட்டும். கலர் எப்படிங்க இருந்துச்சு?"

"செவப்புங்க" என்றார் சம்பந்தி.

சிவப்பு என்றதும் எனக்கு உயிரே போய்விட்டது. "மேல புள்ளி இருந்துச்சுங்களா?" என்றேன்.

"புள்ளி இல்லீங்க. வெங்காயம். கொத்தமல்லியும் தூவியிருந்தாங்க."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "எங்கீங்க மொளச்சிருந்துச்சு?"

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல, தள்ளுவண்டியில. ரெண்டு தட்டு தின்னேனுங்க."

நர்சம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்தத் தள்ளுவண்டியில காளானுன்னு பேரு வெச்சு விக்கறது மைதாவும் முட்டைக்கோசும்ங்க" என்றார் டாக்டரம்மா. "அதுல காளான் எங்க இருக்குது? உங்களுக்கு ஒண்ணும் இல்ல. உப்புத்தண்ணி குடுத்தாங்களே, அதுதான் இனிமே யாருக்கும் குடுக்கக்கூடாது."

அதோடு எழுந்து வந்திருந்தால் சௌந்திரம் இன்றைக்கு இங்கே இருந்திருப்பாள். நான்தான், இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று முட்டைக்கோசைப் போனில் தேடிப் பார்த்து, "கடுகுக் குடும்பமாமுங்க!" என்று சம்பந்தியிடம் சொன்னேன். அது உண்மை மச்சான், வேண்டுமானால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அவர் ஈரச் சட்டையோடு, பத்திரிகையும் தராமல், குமாரபாளையம் பஸ் ஏறிவிட்டார். சௌந்திரம் போனை என் கையிலிருந்து பிடுங்கினாள். "பேத்தி காதுகுத்துக்குக் கூப்புட வந்த மனுசன இப்புடி ஊர் சிரிக்க வெச்சுப்போட்டீங்களே. இனி எந்த மூஞ்சிய வெச்சுட்டு அந்த ஊட்டு வாசப்படி மிதிக்கறது?" என்று கேட்டாள். மறுநாள் காலையில் பையோடு எடப்பாடி பஸ் ஏறிவிட்டாள்.

அதனால் மச்சான், பாதி உடம்பையே பொண்டாட்டிக்குக் கொடுத்துவிட்டு மலைமேல் நிற்கிற செங்கோட்டுச் சாமி மேல் சத்தியமாகச் சொல்கிறேன். இனி எந்தக் காளானையும், எந்தச் செடியையும் குனிந்து பார்க்க மாட்டேன். இதை அவளிடம் அழுத்திச் சொல்லுங்கள். எருமையும் அவள் இல்லாமல் சரியாகக் கறக்க மாட்டேன் என்கிறது. அக்காவுக்கு என் கும்பிடு, பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நூறு வருசம் இருக்க வேண்டும். உங்கள் தறிச்சத்தம் நிற்காமல் ஓட வேண்டும்.

இப்படிக்கு,
தனியாக உலை வைத்துக்கொண்டிருக்கும்
மருதாசலம்

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போதே சௌந்திரம் முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். தபால்தலை ஒட்டியாகிவிட்டதால் அனுப்பி வைக்கிறேன், மேலே உள்ளதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். நேற்று ராத்திரி சம்பந்தியே போன் பண்ணி, "அம்மணி, விருந்துக்குக் காளான் வெக்கட்டுங்களா, நீங்க சொம்போட வாரீங்களா?" என்று கேட்டு அடங்காமல் சிரித்தாராம். காதுகுத்துக்குக் கட்டாயம் வரச் சொல்லிவிட்டார். வந்தவள் பையைத் திறந்து என் மடியில் கொட்டினாள். உங்கள் கிணற்றோரம் பூத்த காளானாம். "போனுல புடிச்சுப் பாத்தேனுங்க, தடவைக்கொரு பேரு சொல்லுது. உங்களுக்குத்தான் கண்ணுப் பழக்கம், பாத்துச் சொல்லுங்க" என்றாள். மடியில் இருப்பதைப் பார்க்கக் குனிய வேண்டியதில்லை, ஆகவே சத்தியம் சத்தியமாகவே இருக்கிறது. இன்னொன்று. நீங்கள் சந்தனக்கன்று என்று சுற்றிலும் கம்பி வேலி போட்டு, ஆள் போட்டுக் காவல் காக்கிறீர்களே, அதையும் அவள் போட்டோ பிடித்து வந்திருக்கிறாள். புங்கன் என்று வருகிறது. போன் பேச்சை நம்பி வேலியைக் கழட்டிவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ரெண்டு பேரும் வாரோம், நானே குனிந்து பார்த்துச் சொல்கிறேன்.