பந்து உருளும் முன் மூன்று பாடங்கள்

கம்போடியா போன இடத்தில் நண்பர் அஃபீஃபின் பெட்டி தொலைந்துவிட்டதாம். மம்பாவ் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் தேநீர் ஆற்றுகிறவர், தன் மச்சான் சொன்னதாக என்னிடம் சொன்னார். பெட்டி தொலைவது ஒரு செய்தியா? செய்தி அதற்குப் பிறகுதான். பெட்டியைத் தேடி எடுத்து வருவதற்குள், விமான நிலைய நாற்காலியிலேயே உட்கார்ந்து, ‘இழந்தவனே தலைவன்’ என்று அரைமணி நேர உரை ஒன்றை மனிதர் தயாரித்துவிட்டாராம். பெட்டி கிடைத்ததும் அவருக்கு முகம் வாடிப்போயிற்றாம். முடிவுரை கெட்டுவிட்டதே!

யாரோ சொல்லி யாரோ கேட்ட கதைதான். ஆனாலும் நம்புகிறேன். இந்த இனத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

வாசகரே, உலகத்தில் கரும்பு பிழிகிறவர்கள் இருக்கிறார்கள், துணி பிழிகிறவர்கள் இருக்கிறார்கள், இவர்கள் போக பாடம் பிழிகிறவர்கள் என்று ஒரு கூட்டம் இப்போது பெருகி வருகிறது. இவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். நல்ல படிப்பு, நல்ல வேலை, மடிப்பு கலையாத சட்டை. வாழ்க்கையில் எது நடந்தாலும் அதை முறுக்கிப் பிழிந்து மூன்று சொட்டுப் பாடம் எடுக்காமல் விடமாட்டார்கள். மூன்றுதான். இரண்டு என்றால் மேடைக்குப் போதாது. நான்கு என்றால்? ஒன்றை அடுத்த கூட்டத்துக்கு எடுத்துவைத்துவிடுவார்கள்.

நீங்கள் லங்காவிக்குப் போய்வந்தேன் என்று இவர்களிடம் சொல்லிப் பாருங்கள். “அந்தப் பயணம் உங்களுக்கு என்ன கற்றுக்கொடுத்தது?” என்று தலையைச் சாய்த்துக் கேட்பார்கள். மீன்குழம்பு நன்றாக இருந்தது என்று நீங்கள் பதில் சொன்னால், ஓட்டைச் சட்டியைப் பார்ப்பதுபோல் உங்களைப் பார்ப்பார்கள்.

அஃபீஃப் சிரம்பானில் காப்புறுதி நிறுவனமொன்றில் அதிகாரி. ஞாயிற்றுக்கிழமைகளில் காற்பந்து ஆடுவார். அவர் உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பினால், இடுப்பில் கைவைத்து, வானத்தைப் பார்த்து, தோல்வி என்பது என்ன என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார். அவர் யோசித்து முடிப்பதற்குள் எதிரணிக்காரன் அந்தப் பந்தைக் கொண்டுபோய் இந்தப் பக்கம் கோல் போட்டிருப்பான். கவலையில்லை. அதிலும் ஒரு பாடம் உண்டு.

கெட்ட மனிதரா என்றால், இல்லவே இல்லை. தங்கமான பிள்ளை. வேலை அனுமதியைப் புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்ற பயத்திலேயே அயலூரில் நாளைத் தள்ளும் எனக்கு, வாடகை வீடு பார்த்துக் கொடுத்தவரே அவர்தான். எனக்கு அவர்மேல் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. என் பயத்தைப் பிழிந்தால் வெறும் வியர்வைதான் வருகிறது.

ஆனால் தம்பின் ஊருக்குப் பக்கத்தில், செம்பனைத் தோட்டத் திடலில் நடந்ததை நீங்களே கேளுங்கள்.

அந்தத் தோட்டத்து லாரி ஓட்டுநர் மாயாண்டியின் மகள் ரோகினி, காற்பந்தாட்டத்தில் புலி. மாநிலப் பெண்கள் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அஃபீஃப், தனக்குத் தெரிந்த பயிற்றுநர் அமாலிடம் பேசி, அவரைச் சிரம்பானிலிருந்து தோட்டத்துக்கே வரவழைத்துவிட்டார். எவ்வளவு பெரிய உதவி! மாயாண்டி கையெடுத்துக் கும்பிட்டார். தோட்டத்தார் அதோடு விட்டிருக்கலாம். நன்றி சொல்லும் வேகத்தில் அஃபீஃபையே சிறப்பு விருந்தினராகவும் போட்டுவிட்டார்கள். அங்கேதான் வந்தது வினை.

தோட்டத்து ஆட்டங்களுக்கு ஒரு மரபு உண்டு. விருந்தினருக்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, அவர் இரண்டு வார்த்தை பேசி, பளபளக்கும் அலுவலகச் சப்பாத்தோடு இறங்கிவந்து பந்தை ஓர் உதை விடவேண்டும். அதுவரை ஆட்டம் தொடங்காது. இரண்டு அணிப் பெண்களும் வெயிலில் வரிசையாக நின்றார்கள். நடுவர் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டார். அஃபீஃப் மைக்கைப் பிடித்தார்.

“நண்பர்களே, பந்து என்பது வெறும் பந்து அல்ல.”

நடுவர் குனிந்து ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார்.

முதல் பாடம் கம்போடியாவில் தொடங்கி, வியட்நாமில் படகேறி, தோக்கியோவில் ரயிலைத் தவறவிட்டு, மெதுவாகத் தம்பினுக்கு வந்து சேர்ந்தது. அதற்குள் செம்பனை மரங்களுக்கு மேலே வானம் கறுத்துவிட்டது. கூடாரத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மங்கம்மா அக்கா பொறுமையிழந்துவிட்டார்.

“ஏன் தம்பி, இவர பந்து ஒதைக்கத்தான கூப்ட்டாங்க?”

“ஆமாங்க்கா.”

“மழெ வர்ற மாரி இருக்கு, இவரு இன்னும் ரெண்டாவது பாடத்துலயே நிக்கறாரு லா. பள்ளிக்கூடத்துலகூட மணி அடிச்சா வுட்ருவாங்க.”

மாயாண்டி கூடாரக் காலைப் பிடித்துக்கொண்டு வானத்தையும் மேடையையும் மாறிமாறிப் பார்த்தார். “அண்ணே, யாராச்சும் சொல்லுங்களேன்” என்றார். விருந்தினரிடம் யார் போய்ச் சொல்வது? செயலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் தன் மாலையைப் பார்த்துக்கொண்டார். “மூன்றாவதாக, நேரம் பொன் போன்றது” என்று அஃபீஃப் ஆரம்பித்தபோது முதல் துளி மைக்கில் விழுந்தது. அப்புறம் துளியெல்லாம் இல்லை, ஒரே கொட்டல்தான். திடலில் கணுக்கால் தண்ணீர். ஆட்டம் ரத்து.

அமாலுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. குடையை விரித்துக்கொண்டே அஃபீஃபிடம் சொன்னார்: “இந்த மாசத் தேர்வு வர்ற சனிக்கெழமையோட முடிஞ்சிரும். அதுக்குள்ள சிரம்பான்ல ஏதாச்சும் பாடாங், ஒரு திடலு கெடச்சா இந்தப் பிள்ளைய ஓடவிட்டுப் பாத்துக்கறேன். ஒங்களுக்குத்தான் போன் அடிப்பேன். ஒடனே கூட்டிட்டு வந்துருங்க, பாஸ்.”

“கண்டிப்பா, கோச்!”

நனைந்துபோய் நின்ற ரோகினியின் தோளைத் தட்டி அஃபீஃப் சொன்னார்: “தங்கச்சி, இன்னிக்கி நீ தோக்கல. கத்துக்கிட்ட.”

“என்னாண்ணே கத்துக்கிட்டேன்? நான் இன்னும் பந்தயே தொடல லா.”

நல்ல கேள்வி. அஃபீஃபின் கண்ணில் ஒரு மின்னல் வெட்டியதை நான் பார்த்தேன். பிழிய ஆரம்பித்துவிட்டார்.

இதோ அந்தச் சனிக்கிழமை. சிரம்பானில் குளிரூட்டிய மண்டபம். ‘நனைந்த பந்து: காத்திருத்தலின் மூன்று பாடங்கள்’ என்று பின்னால் துணி கட்டியிருக்கிறார்கள். மேடையில் அஃபீஃப், அவருக்குப் பக்கத்தில் உயிருள்ள உதாரணமாக ரோகினி. காலையிலிருந்து சீருடையும் சப்பாத்துமாகவே இருக்கிறாள், அமால் கூப்பிட்ட நிமிஷம் ஓடவேண்டுமே! வாசலில் மாயாண்டி தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் மோட்டார் சைக்கிள்மேல் உட்கார்ந்திருக்கிறார்.

“இந்தப் பிள்ளையைப் பாருங்கள்” என்கிறார் அஃபீஃப். “எவ்வளவு அமைதியாகக் காத்திருக்கிறாள்!”

மேசைமேல் அவருடைய கைப்பேசி சத்தமில்லாமல் துடிக்கிறது. துடித்துத் துடித்து வட்டமடிக்கிறது. நான் உட்கார்ந்திருக்கும் மூன்றாவது வரிசையிலிருந்து பார்த்தாலே திரையில் பெயர் தெரிகிறது: கோச் அமால். ரோகினியும் பார்த்துவிட்டாள்.

“அண்ணே, போனு.”

அது மைக்கில் விழுந்து மண்டபம் முழுக்கக் கேட்கிறது. அஃபீஃப் உள்ளங்கையை உயர்த்திப் புன்னகைக்கிறார். “பார்த்தீர்களா? நம் கவனத்தைக் கலைக்க எத்தனை வரும்! எடுக்கக் கூடாது. இதுதான் இரண்டாவது பாடம்.”

கைதட்டல்.

“அண்ணே, கோச்சுண்ணே!”

இன்னும் பெரிய கைதட்டல். ஒத்திகை பார்த்து நடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. எழுந்து ஓடிப்போய் நானே எடுத்துவிடலாமா என்று பார்க்கிறேன். முன்வரிசையில், என் வேலை அனுமதியைப் புதுப்பிக்கவேண்டிய மேலாளர் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறார். பாதி எழுந்த நிலையில் நிற்கிறேன். பின்னாலிருப்பவர் உட்காரச் சொல்கிறார்.

வாசகரே, நீங்கள் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் மனத்தைத் தொட்டுச் சொல்லுங்கள்: சரி, இந்தக் கதையிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன என்று உங்களுக்குள் ஒரு குரல் இப்போது மெல்ல ஆரம்பிக்கிறதல்லவா? முதலாவதாக என்றுகூட அது சொல்லியிருக்குமே? ஜாக்கிரதை. அந்தக் குரலுக்கு மடிப்பு கலையாத சட்டை ஒன்று போட்டுவிட்டால் போதும், உங்களுக்கும் ஒரு மேடை தயார்.

பாடம் கிடக்கட்டும். இன்னும் துடித்துக்கொண்டிருக்கிறது. யாராவது அந்தப் போனை எடுங்களேன்.