ஜப்தி சாரின் இலவச ஆலோசனை

வக்கீல்களில் இரண்டு வகை உண்டு. சட்டம் படித்து, கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, காசு வாங்கிப் பேசுகிறவர்கள் ஒரு வகை. படிக்காமல், பனியனோடு, காசு வாங்காமல் பேசுகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையிடம் மாட்டினால் பணத்தோடு போய்விடும். நான் சொல்ல வந்தது இரண்டாம் வகையைப் பற்றி.

இவர்களை நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை. மளிகைக் கடையில் நின்றுகொண்டு யாரிடமாவது “இந்த மாசம் தவணை கட்ட முடியல” என்று முணுமுணுத்துப் பாருங்கள். தயிர் வாங்க வந்தவர் தயிரை மறந்து, கையில் பாத்திரத்தோடு உங்கள் பக்கம் திரும்பி, “நோட்டீஸ் வந்துச்சா? பதில் போட்டீங்களா? போடலையே?” என்று ஆரம்பித்து, பிராது, வாய்தா, எக்ஸ்பார்ட்டி, டிக்ரி, ஸ்டே என்று படிப்படியாக ஏறி, கடைசியில் உங்கள் வீட்டுக் கட்டிலை ஏலத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத்தான் மூச்சு விடுவார். நீங்கள் கட்ட வேண்டியது மிக்ஸியின் கடைசித் தவணை. அதை அவர் கேட்டாரா? கேட்க மாட்டார்.

எங்கள் கட்டடத்தில் மாடி வீட்டில் இருப்பவர் இந்த இனத்தில் அசல் சரக்கு. உரக் கிடங்கில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கோர்ட்டுக்கும் அவருக்கும் உள்ள சம்பந்தம் இவ்வளவுதான்: யாருடைய வழக்கிலோ சாட்சி சொல்லப் போய், நாள் முழுக்கத் தாழ்வார பெஞ்சில் உட்கார்ந்திருந்து, கூப்பிடாமலே திரும்பி வந்தார். பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர்களிடம் பொறுக்கிய வார்த்தைகளை வைத்துக்கொண்டு இன்றுவரை குடும்பம் நடத்துகிறார். ஜப்தி என்கிற வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொல்வார். அதனாலேயே அவருக்கு ஜப்தி சார் என்று பெயர் நிலைத்துவிட்டது. அவருக்கும் அதில் வருத்தமில்லை.

அவருடைய சட்டம் முழுவதும் இரண்டே சொல்லில் அடங்கும். ஆகும், ஆகாது. “கையெழுத்துப் போட்டா ஒத்துக்கிட்டதா ஆகும்.” “தபாலை வாங்கலன்னா வந்ததா ஆகாது.” காய்கறி வாங்கி வர ஏன் மறந்தீர்கள் என்று மனைவி கேட்டால், “நீ வாயாலதானே சொன்னே? வாயால சொன்னது உத்தரவு ஆகாது” என்பார். அந்த அம்மாள் அலுத்துப்போய் என்னிடம் ஒருநாள் சொன்னார்: “இவருக்கு ஊர் உலகத்துல எல்லாமே ஒண்ணு ஆகும், இல்லன்னா ஆகாது. இவரால ஆனதுன்னு ஒண்ணு காட்டுங்க பாப்போம்.”

இதெல்லாம் சிரிக்க நன்றாகத்தான் இருந்தது, கீழ் வீட்டுத் தையல்கார அக்கா அவர் கண்ணில் படும்வரை.

அக்கா துணிக்கடையில் கடனுக்குத் துணி எடுத்துத் தைத்து விற்பவர். ஒரு சரக்கு விற்காமல் தேங்கியது. கடைக்காரர் வழக்குப் போட்டு ஜெயித்துவிட்டார். சாமான்களைப் பறிமுதல் செய்யக் கோர்ட்டிலிருந்து அமீனா வருவார் என்று யாரோ பயமுறுத்த, அக்கா மாடிப்படியின் கீழே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன வேணா எடுத்துட்டுப் போகட்டும் சார். மிஷின் போச்சுன்னா நாங்க சோத்துக்கு என்ன பண்றது? கடைக்காரரை நேர்ல பாத்து, மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா குடுத்துடறேன்னு கேக்கட்டுமா?”

“அய்யய்யோ, போயிடாதீங்க!” ஜப்தி சார் பதறினார். “போனா கடனை ஒத்துக்கிட்டதா ஆகும்.”

“நான் வாங்கின கடன்தானே சார்?”

“அதை நீங்க சொல்லக் கூடாது. அவங்கதான் நிரூபிக்கணும்.”

“அதான் நிரூபிச்சு ஜெயிச்சுட்டாங்களே?”

சார் அந்தக் கேள்வியைப் பெருந்தன்மையோடு விட்டுவிட்டார். தையல் மிஷினைத் தன் வீட்டில் வைத்துவிடலாம் என்றார். கடனாளி வீட்டில் இல்லாத பொருளை யார் ஜப்தி செய்ய முடியும்? சாரும் அக்காவும் அதை மாடிக்குத் தூக்கினார்கள். நான் “பாத்து, பாத்து” என்று சொல்லி என்னால் ஆன உதவியைச் செய்தேன். சார் அதன்மேல் போர்வையைப் போர்த்தி, மேலே ஒரு பூச்சாடியையும் வைத்தார்.

மாடிக்கு வந்து தைத்துக்கொள்ளவாவது விட்டாரா? “சத்தம் கேட்டா இங்க இருக்கறது தெரிஞ்சுடும்” என்று தடை போட்டுவிட்டார். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். சீருடை கொடுத்தவர்கள் அக்கா வீட்டு வாசலில் வந்து சத்தம் போட்டார்கள். அக்கா ராவும் பகலுமாகக் கையால் தைத்து விரல் வீங்கிப்போய் நின்றதைப் பார்த்தபோது, எனக்கு அந்தப் பூச்சாடியைத் தூக்கி ஜப்தி சார் தலையில் போடலாம் போலிருந்தது. உண்மையாகவே.

ஒரு காலையில் அமீனா வந்தார். கூடவே கயிறும் கையுமாக இரண்டு பேர். படியேறி வந்தவரை மாடியிலிருந்தே சார் மடக்கினார்.

“கீழ் வீடு சார் அது. தாண்டி வந்துட்டீங்க.”

“மாடின்னுதான் சார் போட்டிருக்கு. கிடங்குல கணக்கரா இருந்தது நீங்கதானே?”

சாரின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, அதை எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாததுபோல.

மச்சான் கடைக்கு வாங்கிய கடனுக்குச் சார் ஜாமீன் போட்டிருந்தார். மச்சான் கட்டவில்லை. “எத்தனை நோட்டீஸ் அனுப்பினோம்! எல்லாம் வாங்க மறுத்தார்னு திரும்பி வந்துடுச்சு. நீங்க வராமலே தீர்ப்பும் ஆயிடுச்சு” என்றார் அமீனா.

“வாங்கலன்னா வந்ததா…”

“ஆகும் போல இருக்கு” என்றார் உள்ளேயிருந்து மனைவி.

ஃபிரிட்ஜ், டி.வி., மர பீரோ என்று எழுதிக்கொண்டே போன அமீனா, பூச்சாடியை எடுத்துக் கீழே வைத்துப் போர்வையை விலக்கினார். சார் விழித்தார். அடுத்தவருடையது என்றால் ஒளித்து வைத்ததாக ஆகும். தன்னுடையது என்றால் போய்விடும். கோர்ட்டு பெஞ்சில் பொறுக்கி மறந்துபோயிருந்த வார்த்தை ஒன்று சட்டென்று நினைவுக்கு வந்தது.

“இது என் தொழில் கருவி. இதுல கை வைக்கக் கூடாது!”

அமீனா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, தன் தோள்பையின் அறுந்த வாரை நீட்டினார். “ரொம்ப நாளா தெச்சுக்கணும்னு இருக்கேன். ஒரு தையல் போட்டுக் குடுங்க.”

சார் உட்கார்ந்தார். பையின் வாரை மிஷினில் செருகினார். நூல் கோக்காமலே காலால் மிதிக்கத் தொடங்கினார். சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது. ஊசி வளைந்தது.

சத்தம் கேட்டுப் படியேறி வந்திருந்த அக்காவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. “எந்திரிங்க சார்! ஊசி ஒடியுது! அய்யா, அது என் மிஷின். நான்தான் தையல்காரி. பயந்துபோய் இங்க வெச்சேன். என்ன தண்டனையோ குடுத்துக்கங்க.”

அந்த வாரை அவரே பிரித்தெடுத்து, ஊசி மாற்றி, நூல் கோத்து, நொடியில் தைத்துக் கொடுத்தார். அமீனா பையைத் தோளில் மாட்டி இழுத்துப் பார்த்தார்.

“தண்டனையெல்லாம் இல்லம்மா. பொழப்புக்கு வெச்சிருக்கற மிஷின். உங்க வீட்டுல இருந்திருந்தா எவனும் தொட்டிருக்க முடியாது. இங்கே இருந்ததாலதான் எழுத இருந்தேன். யாரும்மா உங்களுக்கு இந்த யோசனை சொன்னது?”

எல்லோரும் ஜப்தி சாரைப் பார்த்தோம். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

மிஷின் கீழே இறங்கியது. மறுநாள் அக்கா கடைக்காரரை நேரில் பார்த்து, கடைக்கே தைத்துக் கொடுத்துக் கடனைக் கழிப்பதாகப் பேசி முடித்துவிட்டார். சார் வீட்டு ஃபிரிட்ஜ் மட்டும், முதல் தவணையாக, அமீனா வந்த அன்றைக்கே வண்டியேறிவிட்டது. அதைத் தூக்கிப்போனவர்களிடம் சார், “சாய்ச்சு எடுத்துட்டுப் போனா சேதப்படுத்தினதா ஆகும்” என்று படி முடியும்வரை சொல்லிக்கொண்டே போனார்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போது, “ஜாமீன் போட்டவர் வீட்டில் அப்படியெல்லாம் நேராக வந்து எடுக்க முடியாதே, அதற்கு ஒரு முறை இருக்கிறதே” என்று மனதுக்குள் ஒரு முறையாவது தோன்றியதா? தோன்றியதென்றால், உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுக்காரருடைய சாமான் ஏதாவது உங்கள் வீட்டில் பத்திரமாக இருந்தால், இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.