அண்ணன் இடத்தில் யார் நிற்பது?

மரியாதைக்குரிய மாப்பிள்ளை ராஜபாண்டியன் அவர்களுக்கு, எம். புதுப்பட்டியிலிருந்து வெள்ளைத்துரை எழுதுவது. இங்கே நம் கூடைப்பந்து அணியைத் தவிர எல்லாரும் நலம். அங்கே காரியாபட்டியில் தங்கச்சி ஞானசுந்தரியும் குழந்தை ரோஷினியும் சுகம்தானே? ஆட்டத்தை விட்டபின் பந்து சம்பந்தப்பட்ட யார் போனையும் நீங்கள் எடுப்பதில்லை என்று தங்கச்சி சொன்னதால் இந்தக் கடிதம்.

பதினெட்டு வருஷமாக நம் அணிக்கு ஒரே திட்டம்தான். பந்து கிடைத்ததும் ரிங்குக்கு இடப்பக்கம் நிற்கும் உங்களுக்கு உயரமாக வீசிவிட்டு, மற்ற நால்வரும் திரும்பி ஓடிவிடுவார்கள். மீதியை நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள். பயிற்சியாளன் என்ற பெயரில் நான் தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டேன். போன சனிக்கிழமை நீங்கள் இல்லாத முதல் போட்டி, அதுவும் அரையிறுதி. பந்து கிடைத்தது, வீசினார்கள், திரும்பி ஓடினார்கள். பந்து ஆளில்லாத இடத்தில் விழுந்து வெளியே போனது. மறுபடியும் அதே. உங்களுக்குப் பதிலாகச் சேர்த்த செல்வக்குமார் நல்ல உயரம், ஆனால் அந்த இடத்தை விட்டுத் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். இடைவேளையில் பிடித்துக்கொண்டேன்.

"ஏலே, அங்கன போய் நில்லுலே!"

"அது அண்ணன் நிக்குற இடம் சார்."

"அண்ணந்தான் காரியாபட்டிக்குப் போயிட்டாகள்ல?"

"அவுக இல்லாத நேரம் பாத்து நின்னா இன்னும் மரியாதைக் கொறச்சலுல்ல?"

வீட்டுக்கு வந்து யோசித்தால் அவன் சொன்னது சரி போலவும் இருக்கிறது. எதிரணியாவது உள்ளே புகுந்து கூடை போடும் என்று பார்த்தால், அவர்களும் நம் ரிங் பக்கம் வந்ததும் பந்தைத் தட்டிவிடும் உங்கள் கை எங்கே என்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் தூரத்திலிருந்தே வீசினார்கள். பத்துப் பேரும் ஓரத்தில், நடுவில் ஒரு கல்யாணப் பந்தி போடலாம். "இது என்ன வெளையாட்டுங்க?" என்று நடுவர் என்னிடம் கேட்டார். ஒன்பதுக்கு ஆறு என்று ஜெயித்துவிட்டோம். எப்படி என்று கேட்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாத்தூரோடு இறுதிப் போட்டி. "கோப்பை வந்தா ஆடுங்க. வரலைன்னா இனிமே கிரவுண்டுல லோடு லாரிதான் நிக்கும்" என்று இடத்துக்குச் சொந்தக்காரரான கம்பெனி முதலாளி ஸ்ரீராம்குமார் சொல்லிவிட்டார். ஆகவே மாப்பிள்ளை, முட்டி வலியோடு நீங்கள் ஆட வேண்டாம். ஒருதரம் வந்து, செல்வக்குமாரை அந்த இடத்தில் நிற்கச் சொல்லி உத்தரவு கொடுத்தால் போதும். உங்கள் வாயால் சொன்னால்தான் நிற்பானாம்.

குலசாமி உங்கள் முட்டிக்குத் துணையிருக்கட்டும். ரோஷினிக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
ஒன்றும் விளங்காத மச்சான்,
வெள்ளைத்துரை

பி.கு.: தயவுசெய்து வர வேண்டாம். உங்களுக்குக் கடிதம் எழுதியிருப்பதாக செல்வக்குமாரிடம் உளறிவிட்டேன். "அண்ணன் வாராக, அவுக பாத்துக்கிடுவாக" என்று அத்தனை பேரும் பயிற்சியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது சாத்தூர் செயலாளர் முனியராஜ் போனில் வந்தார். "அவுக வாராகளாமுல்ல? எங்க பயலுக பஸ்ஸேற மாட்டேங்கானுக. கோப்பைய நீங்களே வச்சுக்கிடுங்க" என்றார். எப்படி வந்தாலும் கோப்பை கோப்பைதான் என்று முதலாளி கிரவுண்டைக் கொடுத்துவிட்டார். கோப்பையில் ஆட்டநாயகன் பெயர் பொறிக்க வேண்டுமாம். வேறு யாரும் தோன்றாததால் உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு நடப்பதைச் சாத்தூர்க்காரர்கள் பார்த்தால் கதை கெட்டுவிடும்; அதை வாங்கக்கூட வந்துவிடாதீர்கள்.